நிலத்துக்கு ஓய்வாம்!

பங்குனியில் தென்காசிப் பக்கம் வந்து பாருங்கள். பிசான அறுப்பு முடிந்து, வயல்கள் பலவும் வெறும் தாளோடு கிடக்கும். ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழுந்து, சிற்றாற்றில் காருக்குத் தண்ணீர் வருகிறவரை அப்படியேதான். கேட்டால், "நிலத்துக்கும் ஓய்வு வேண்டாமா?" என்கிறார்கள்.

ஓய்வு என்று சொல்லி நாம் செய்வது என்ன? மண்ணில் மிஞ்சிய ஈரத்தை வெயிலுக்குத் தாரை வார்க்கிறோம். ஈரம் பிடிக்கிற வயலில் அதுவே ஒரு உளுந்துப் பயிருக்குப் போதும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதமாக இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தூவிவிட வேண்டியது. உழவில்லை, நாற்றில்லை, நடவில்லை. 75 நாளில் நெற்று வீட்டுக்கு வந்துவிடும். அதன் வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். நிலத்துக்கு இதைவிட நல்ல ஓய்வு எது?

தஞ்சைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். நெல் தரிசுக்கென்று 1981-இல் வந்த ஆடுதுறை 3 உளுந்து எதிலிருந்து எடுத்தது தெரியுமா? திருநெல்வேலி நாட்டு உளுந்திலிருந்து! விதை நம்முடையது, விளைச்சல் அவர்களுடையது. உளுந்தஞ்சோறும் உளுந்தங்களியும் தின்று வளர்ந்த நாமோ, பர்மாவிலிருந்து உளுந்து இறக்குமதியாகும் நாட்டில் வயலைச் சும்மா போட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில், "விவசாயி சோம்பேறி" என்று யாராவது தலையாட்டினால், என் சண்டை அவரோடுதான். தனியொருவன் விதைத்தால், அறுப்பு முடிந்ததும் அவிழ்த்துவிடுகிற ஊர் மாடெல்லாம் அவன் பயிரில்தான் வாய் வைக்கும். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்கும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் திறக்கிற சுறுசுறுப்பு, ஆதார விலை அறிவித்த பிறகும் உளுந்துக்கு வருவதில்லை. இதில் சோம்பேறி யார்?

ஆகவே துண்டுப் பிரசுரம் போதாது. ஒரு குளத்துப் பாசனக்காரர் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைக்க வேண்டும். இயந்திரத்தில் அறுக்கிறவர்கள் அறுத்த கையோடு, ஈரம் போகுமுன் விதைக்க வேண்டும். ஆடு மேய்க்கிறவருக்கு வேறு மேய்ச்சல் காட்ட வேண்டும்; அவரைப் பகைத்துக்கொண்டு நடக்கிற காரியமல்ல இது.

மடை திறக்க ஊர் கூடத் தெரிந்தவர்கள் நாம். தனி மாவட்டம் வேண்டுமென்று கேட்டு, 2019-இல் பெற்றவர்கள். எழுபத்தைந்து நாள் மாட்டைக் கட்டிப்போட யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?