காது கேளாத பிள்ளை, கைவிடாத தாய்!

1925-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு வீடு. பத்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தாய் அருகே வந்தபோது கதவு 'படார்' என்று அடித்துக்கொண்டது. "ஐயோ, விழித்துவிடுமே!" என்று பதறினார். குழந்தை அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் அசையவில்லை. தொட்டதும் விழித்துக்கொண்டது.

தாயின் பெயர் லூயிஸ் டிரேசி. நாடக நடிகை. கணவர் ஸ்பென்சர் டிரேசி, பின்னாளில் 2 முறை ஆஸ்கார் பரிசு வாங்கிய சினிமா நடிகர். குழந்தை ஜான்.

"காது நரம்பில் கோளாறு. மருந்து இல்லை" என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

வாய் ஊமை அல்ல

பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. "இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு "ஊமை" என்று பெயர் வைத்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் நாக்கில் அநேகமாக ஒரு குறையும் இராது. காதில் விழாத பேச்சை அது எப்படிப் பேசும்?

லூயிஸ் காத்திருக்கவில்லை. நாடகத்தை விட்டார். மகனே வேலை என்று ஆனார்.

உதட்டைப் பார்த்துப் பேச்சை அறியும் பயிற்சி தொடங்கியது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குழந்தையின் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பந்தைக் காட்டிப் "பந்து" என்று சொல்ல வேண்டும். நூறு தடவை சொல்ல வேண்டும். நூறாவது தடவையும் முகம் சுளிக்கக் கூடாது. கஷ்டம் அதுதான்!

ஜான் பேசினான். நடுவே இளம்பிள்ளை வாதம் வந்தது. அதையும் தாண்டினான். குதிரை ஏறித் தந்தையுடன் போலோ ஆடினான். ஓவியம் படித்தான். வால்ட் டிஸ்னி படக் கம்பெனியில் வேலை பார்த்தான். திருமணம் நடந்தது, மகன் பிறந்தான். பிற்காலத்தில் கண் பார்வையும் மங்கியது. ஆனாலும் 82 வயது வரை வாழ்ந்து, 2007-ல்தான் காலமானார்.

சைகை கேவலமா?

லூயிஸ் வாய்ப்பேச்சையே நம்பினார். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கைகூடாது. சைகை மொழியும் முழுமையான மொழிதான். அதிலும் கதை சொல்லலாம், சண்டை போடலாம், கணக்குப் படிக்கலாம். "நாலு பேர் பார்ப்பார்களே" என்று பிள்ளையின் கையைப் பிடித்து அடக்கும் பெற்றோர், அதன் வாயை இரண்டாம் முறை அடைக்கிறார்கள். உதடோ, கையோ, ஏதாவது ஒரு மொழி சின்ன வயதிலேயே பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

இன்று பிறந்த சில நாட்களிலேயே காதைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி வேண்டும். கருவி சத்தத்தைத்தான் தரும். பேச்சை வீட்டார்தான் தர வேண்டும். ஆறு வயது தாண்டிய பின் ஓடி வரும் பெற்றோரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

1942-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மகன் பெயரில் ஒரு நிலையத்தை லூயிஸ் தொடங்கினார். கட்டணம் கிடையாது. வர முடியாத தாய்மார்களுக்கு, மறு வருடம் முதல் தபாலிலேயே பாடம் போனது.