திருமயத்துக்காரருக்கு வராத வித்தை

தலைவர் மேடையேறும்வரை ஒரு கருத்து, அவர் பேசி இறங்கியபின் அவர் கருத்தே தன் கருத்து. இந்த வகையினருக்குப் புதுக்கோட்டையிலும் பஞ்சமில்லை. கட்சி வேறுபாடும் இல்லை. இதே மாவட்டத்தின் திருமயத்தில் 1887இல் பிறந்த சத்தியமூர்த்திக்கு மட்டும் அந்த வித்தை கடைசிவரை வரவில்லை. சட்டசபைகளைப் புறக்கணியுங்கள் என்று காந்தி சொன்ன காலத்தில், உள்ளே போய்ச் சண்டை போடுவோம் என்ற சுயராஜ்யக் கட்சியார் பக்கம் நின்றார் அவர். காந்தியைவிடப் பெரிய மேலிடம் அன்றைய காங்கிரஸில் ஏது? 1922 கயா மாநாட்டில் புறக்கணிப்பு அணியை முன்னின்று நடத்தியவர் ராஜாஜி. 1937இல் தேர்தலில் வென்று சென்னை மாகாணப் பிரதமராக அமர்ந்தவரும் அவரே! சட்டசபைக்குப் போகலாம் என்று தொண்டை வற்றப் பேசிய சத்தியமூர்த்திக்கு மந்திரி பதவிகூட இல்லை. கோபித்துக்கொண்டு நீதிக்கட்சிப் பக்கம் போய்விடவும் இல்லை மனிதர். 1939இல் சென்னை மேயரானதும் வெள்ளைக்கார ஆளுநரோடு வாதாடிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார்.

ராஜாஜியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1935 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு நிலைமையே வேறு. பாகிஸ்தான் கோரிக்கை விஷயத்தில் கட்சியோடு முரண்பட்டு 1942இல் வெளியேறியவரும் அவர்தான். கைநஷ்டப்பட்டுக் கருத்து மாற்றுகிறவரை நம்பலாம். என் சந்தேகமெல்லாம், ஒவ்வொரு மனமாற்றத்துக்கும் ஒரு வாரியப் பதவி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் மேல்தான். போன தலைவர் இருந்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதிய தலைவரின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.