உப்புமாவுக்கு 15 சதவீதம் கிடைக்குமா?

ஒரு கூட்டுக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. என்ன டிபன்னு முடிவு பண்ணணும். இட்லி கட்சி ஆறு பேர், ஹாலில் ஜன்னல் பக்கம். பூரி கட்சி ஏழு பேர், டிவி பக்கம். உப்புமாவுக்குத் தாத்தா மட்டும் தனியா நிக்கிறார். 15 சதவீதம் இல்லாத கட்சி செல்லாதுன்னு பாட்டி சொல்லிட்டாங்க. தாத்தா முணுமுணுத்துக்கிட்டே இட்லி பக்கம் போக, இப்போ ஏழுக்கு ஏழு. காசு சுண்டினாங்க. பூரி!

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு உள்ளே தூங்குற சித்தப்பாவுக்கு இட்லிதான் பிடிக்கும். ஆனா ஏழு மணிக்கு ஹாலில் நிக்காதவருக்கு ஓட்டு கிடையாதே... ஆறிப் போன பூரிதான் அவருக்கு :-)

சிரிக்காதீங்க மக்களே. 2008-ல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளரை ஜனநாயகக் கட்சி தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சதே இப்படித்தான். அயோவா மாநிலத்தில் ஜனவரி 3 ராத்திரி ஏழு மணிக்கு ஆஜராகி, ஒபாமா மூலை, ஹிலாரி மூலைன்னு எல்லார் கண்ணு முன்னாடியும் நிக்கணும். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத வேட்பாளரோட ஆளுங்க வேற மூலைக்குப் போகணும். சமமா வந்தா காசு சுண்டுறதும் உண்டு. இதுக்குப் பேர் காகஸ். பூத்துக்குப் போய் ரகசியமா ஓட்டுப் போடுறது பிரைமரி.

ரெண்டும் ஒரே மாதிரி முடிவு தருமா? 2008-ல் வாஷிங்டன் மாநிலம் ரெண்டையும் நடத்துச்சு. பிப்ரவரி 9 காகஸில் ஒபாமாவுக்குச் சுமார் 68 சதவீதம். பத்து நாள் கழிச்சு நடந்த பிரைமரியில் சுமார் 51 தான். டெலிகேட் கணக்குக்கு எடுத்துக்கிட்டது காகஸை மட்டுமே. செல்லாத பிரைமரிங்கிறதால கொஞ்சம் வித்தியாசம் வந்திருக்கலாம். ஆனாலும் இவ்வளவா?

காமர்ஸ் பசங்களுக்கு இன்னொரு கணக்கு. பிப்ரவரி 5 அன்னைக்கு நியூ ஜெர்சி பிரைமரியில் பத்து லட்சத்துக்கும் மேலான ஓட்டு. டெலிகேட் ஹிலாரிக்கு 59, ஒபாமாவுக்கு 48. லாபம் 11. அதே நாள் ஐடஹோ காகஸுக்கு வந்தவங்க சுமார் 21,000 பேர். ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. லாபம் 12! பெரிய கடை வியாபாரத்தைப் பெட்டிக்கடை அடிச்சிடுச்சு.

இதில் ஒபாமா மேல தப்பே இல்லை. அவர் ஆளுங்க சிலபஸைப் படிச்சுட்டு பரீட்சைக்கு வந்தாங்க. ஹிலாரி தரப்பு பெரிய மாநிலங்களே போதும்னு இருந்துச்சு. ஜூன் 7-ல் அவங்க விலகினாங்க. குறை சொல்ல வேண்டியது கேள்வித்தாளைத்தான். ராத்திரி டியூட்டி நர்ஸ், கைக்குழந்தைக்காரி, வெளிநாட்டில் இருக்கிற சிப்பாய்... இவங்க யாரும் அந்த ஏழு மணிக்கு ஹாலில் நிக்க முடியாது. அதோட, கடை முதலாளி எதிர் மூலையில் நிக்கும்போது அங்கே வேலை பார்க்கிறவன் எந்த மூலைக்குப் போவான்?

காகஸ் ரசிகர்கள் ஒண்ணு சொல்வாங்க. அக்கம்பக்கத்தார் கூடிப் பேசுறாங்க, தோத்த கட்சிக்காரனுக்கு ரெண்டாவது விருப்பம் சொல்ல வாய்ப்பு கிடைக்குதுன்னு. நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கு மூலையில் நிக்கணும்னு அவசியமில்லை. அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் நாலும் 2008-ல் காகஸ் மாநிலங்கள். 2020-ல் இங்கெல்லாம் ஜனநாயகக் கட்சி வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்புச்சு. முதல் விருப்பம், ரெண்டாவது விருப்பம்னு வரிசையா எழுதிப் போட்டாங்க. அயோவாவில்கூட அந்தக் கட்சி 2024-ல் வேட்பாளர் தேர்வைத் தபாலுக்கு மாத்திடுச்சு.

வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்காம, சாதாரண ஜனங்ககிட்ட கேட்கிறது பெரிய விஷயம். கேட்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, தூங்குறவரையும் சேர்த்துக் கேட்கணும். அவ்வளவுதான்.

சித்தப்பா இனிமே டியூட்டிக்குக் கிளம்பும்போதே பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போகட்டும். 1. இட்லி, 2. பூரி. தாத்தாவும் தைரியமா 1. உப்புமான்னு எழுதலாம். ஜெயிக்கத்தான் வாய்ப்பில்லை :-)