டாங்கியும் தண்டவாளமும்

இளைய தலைமுறை கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டதே என்று கவலைப்படும் ஆசிரியர் கூட்டத்தில் நாமும் ஒருவரே. ஆயினும் கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து நம் இல்லம் வந்திருந்த தங்கை மகன் ஆடிய விளையாட்டொன்றைப் பின்னால் நின்று பார்க்க நேர்ந்தது. நின்றவர் அமர்ந்தோம், அஸருக்குப் பாங்கு கேட்டபோதுதான் எழுந்தோம்.

அவ்விளையாட்டின் பெயர் 'சிவிலிசேஷன்'. சிட் மெயர் என்பார் ஆக்கியது. முதற்பதிப்பு 1991-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரயில் கம்பெனி நடத்தும் விளையாட்டொன்றை அவர் ஆக்கியிருந்தார் என்பதால், இருப்புப்பாதையின்பால் அவருக்கிருந்த பற்றை நாம் ஐயுறவேண்டியதில்லை. நிலம் முழுவதும் கட்டங்கள். ஒவ்வொரு படையும் ஒரு முறைக்கு இத்தனை கட்டம் என்று கணக்கிட்டே நகரும். தண்டவாளம் போட்ட கட்டத்திலோ கணக்கே கிடையாது. பழைய பதிப்புகளில், தண்டவாளத்தின்மேல் நிற்கும் டாங்கி ஒரே முறையில் இக்கடற்கரையிலிருந்து அக்கடற்கரைக்குப் போய்விடும். பிள்ளை விடுவானா? வயல், காடு, மலை ஒன்றையும் விட்டுவைக்காமல் நாடு முழுவதையும் தண்டவாளத்தால் பாய் முடைந்துவிட்டான்.

"பயணச்சீட்டு?" என்றோம்.

"படைக்கு எதுக்கு மாமா டிக்கெட்?" என்றான்.

"சரி, கிராசிங்?" என்றோம்.

நம்மை ஏற இறங்கப் பார்த்தான். ஒற்றைத் தடத்தில், எதிர்வண்டி வரும்வரை இடைநிலையத்தில் வேர்க்கடலை கொறித்துக் காத்திருந்த தஞ்சைத் தரணியார்க்கன்றோ அக்கேள்வியின் அருமை புரியும்!

டாங்கிக்கு அவன் கொடுத்த மதிப்பும் நமக்கு உடன்பாடன்று. முதல் உலகப் போரில், செய்யும் கருவி இன்னதென்று வெளியே தெரியாதிருக்கத் தண்ணீர்த் தொட்டி செய்வதாகப் பாவனை காட்டி ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நம் ஏரி குளங்களையும் அவர்கள் அதே சொல்லால்தான் குறித்தார்கள். ஆக, தண்ணீரோடு பெயரளவில் உறவு, செயலளவில் பெரும்பகை. 1917-இல் பெல்ஜியத்துப் பாஷந்தேல் களத்து மழைச்சேற்றில் டாங்கிகள் அமிழ்ந்துபோயின. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், கால்வாய் நீரைத் திறந்துவிட்டு நனைத்த வயல்களில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சிக்கின. அக்களத்தில்தான் நான்காம் கிரனேடியர் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது, திறந்த ஜீப்பில் பொருத்திய பீரங்கியொன்றைக் கொண்டு டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்துத் தம் உயிரையும் ஈந்தார். பரம்வீர் சக்கரம் அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பெற்றது. ஈட்டிக்காரன் டாங்கியை வீழ்த்திவிடுகிறான் என்று இவ்விளையாட்டை எள்ளி நகையாடுவோர் உளர். அசல் உத்தரை அறிந்தோர் அவ்வளவு விரைந்து நகைக்கமாட்டார்கள்.

சேற்றில் கால் புதைந்த போர்யானையை நரியும் கொன்றுவிடும் என்பது இடனறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறும் கருத்து. நரியை அவ்வீரர்க்கு ஒப்பிடுதல் பெரும்பிழை. யானையை மட்டும் டாங்கிக்கு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்வோம். ஐயமுடையோர் ஐப்பசி மாதத்தில் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு வயல்வழியே ஒரு டாங்கியை ஓட்டிப் பார்க்கட்டும். டிராக்டருக்கே கேஜ்வீல் மாட்டினால்தான் நம் சேற்றில் உழவு நடக்கிறது.

மேலும், நெடுந்தொலைவு தானே ஓடினால் டாங்கியின் சங்கிலிச்சக்கரம் தேய்ந்துவிடும். ஆவடியில் பிறக்கும் டாங்கியும் எல்லைக்கு ரயிலேறியே போகவேண்டும். சுமப்பது எது, சுமக்கப்படுவது எது என்று பார்த்தால் வலிமை எதன்பாற்பட்டது என்பது விளங்கும்.

ஆனால் அந்த ரயிலை விளையாட்டு எத்தனை மலிவாக்கிவிட்டது என்பதே நம் மனக்குறை. 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தண்டவாளத்துக்குப் பராமரிப்புச் செலவு வைத்தார்கள், வாழ்க. எனினும் அகலம் என்ற ஒன்றை ஆட்டத்தில் காணோம். 1941-இல் சோவியத்து நாட்டினுள் புகுந்த ஜெர்மானியர், அந்நாட்டுத் தண்டவாளம் தம்முடையதைவிட நான்கு விரற்கடையளவு அகன்றிருந்தமையால், போகப் போக அதைப் பெயர்த்து மாற்றி அடித்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. டாங்கிகள் முன்னே, பெட்ரோலும் குண்டும் பின்னே!

நமக்கு இது புதிதன்று. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு மறு ஆண்டு திருச்சிராப்பள்ளியை எட்டிய பாதை, பிறக்கும்போதே அகலப்பாதை. 1875-இல் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் அதே தடத்தை மறுபடியும் அகலமாக்கினார்கள். எந்த எதிரிப் படையும் வாராமலேயே நாம் கண்ட வினோதம் இது.

இன்னொரு பாதையின் கதை இதனினும் நெருக்கமானது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு வண்டி ஓடியது. பின்னர் அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது. அதை அமைத்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. பணம் நிலவரியோடு தண்டிய தனிவரி. அதாவது, நம் முன்னோர் நெல் விற்ற காசு. படை நடத்தவன்று, நெல் நகரவும் மக்கள் நகரவும் போட்ட பாதை. அதன் திருவாரூர்–பட்டுக்கோட்டைப் பகுதியில் 2012-இல் அகலப்படுத்துவதற்காக வண்டி நின்றது; மீண்டும் ஓடியது 2019-இல். சென்னைப் பயணமென்றாலும் மருத்துவமனைக்கென்றாலும் பேருந்தே கதியென்றிருந்த ஏழாண்டு அது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி நிலைமை இதனினும் இரங்கத்தக்கது. 1926-இல் வந்த அப்பாதையில் 1986-இல் வண்டி நின்றது. பிறகு தண்டவாளமும் போயிற்று. ஒரு தலைமுறை வாசலில் ரயில் காணாமலேயே வளர்ந்துவிட்டது. விளையாட்டில் பெயர்த்த தண்டவாளத்தைச் சில முறைகளில் திரும்பப் போட்டுவிடலாம். வெளியே, பெயர்ப்பதற்கு மட்டுமே அவ்வேகம் உண்டு.

ஆகவே தங்கை மகனிடம் ஒரு திருத்தம் முன்மொழிந்தோம்: மீட்டர் பாதையை அகலமாக்க விரும்புவோர் ஏழு முறை ஆடாமல் சும்மா இருக்கவேண்டும்.

"அப்படி வச்சா ஒருத்தரும் விளையாட மாட்டாங்க மாமா" என்றான்.

"முத்துப்பேட்டையில் ஏழு வருஷம் சும்மா இருந்தார்களே, தம்பி" என்றோம்.