யானைகள் நடமாடும் சந்தை

விளாங்குடி டீக்கடைகளில் இன்று நம் இளைஞர்கள் அரசியலோடு பங்குச் சந்தையையும் பேசுகிறார்கள். வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணமும், வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய பணமும் செல்போன் வழியே சந்தைக்குப் போகின்றன. காலையில் ஏறிய பங்கு மாலையில் ஏன் சரிந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

1992-ல் வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்கு நமது சந்தையின் கதவு திறக்கப்பட்டது. அதனால் தொழில்களுக்கு மூலதனம் கிடைத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவில் வட்டி உயர்ந்தாலும், அங்கே ஒரு வங்கி கவிழ்ந்தாலும், இவர்கள் இங்கே விற்றுவிட்டுக் கிளம்புகிறார்கள். எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடும்போது, நன்றாக நடக்கும் கம்பெனியின் பங்கும் பாதி விலைக்கு வந்துவிடுகிறது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. அந்த ஆண்டில் வெளிநாட்டு நிறுவனங்கள் நிகரமாக விற்றது சுமார் 53,000 கோடி ரூபாய்!

2024 அக்டோபரில் அவர்கள் விற்றது 90,000 கோடிக்கும் மேல். ஆனால் சந்தை நொறுங்கவில்லை. நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் இறங்கியதோடு நின்றது. காரணம், உள்நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாங்கித் தாங்கின. அது யார் பணம்? மாதந்தோறும் சேமிக்கும் சாமானியனின் பணம். வெளியேறுகிறவருக்கு நல்ல விலை கொடுத்து வழியனுப்பி வைப்பது நம் சேமிப்புதான்.

இதைவிடக் கொடுமை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம். மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தனர், இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய் என்று 2024 செப்டம்பரில் செபியின் ஆய்வே சொன்னது. லாபம் பார்த்தவர்களோ கம்ப்யூட்டர் நிரல்களை வைத்து வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்கள். யானையோடு கயிறிழுக்கும் போட்டியில் எறும்பு ஜெயிக்குமா?

மார்க்கம் இதில் தெளிவாகவே வழிகாட்டுகிறது. 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் பங்கை வாங்குவதை அனுமதித்தது. ஆப்ஷன் வணிகத்தைக் கூடாது என்றது. தொழிலில் பங்காளியாவது வேறு. விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது வேறு.

பெரு நிறுவனங்களின் கம்ப்யூட்டர் வணிகத்தைச் செபி இன்னும் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும். சிறு முதலீட்டாளரைச் சூதுக்கு இழுக்கும் விளம்பரங்களுக்கு அரசு கடிவாளம் போட வேண்டும். நமது ஜமாஅத்துகள் இதை ஜும்ஆ மேடைகளில் எடுத்துச் சொல்ல வேண்டும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ சந்தைக்குப் போகாதீர்கள், சகோதரர்களே! பொருள் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு.