மருந்தில்லாத வைரஸுக்குச் சோதனை எதற்கு?

கைக்குழந்தைகளின் வைரஸ் மூளை உறை அழற்சி பெரும்பாலும் தானே ஆறிவிடும், அதற்கென மருந்தும் கிடையாது, ஆகவே எந்த வைரஸ் என்று பிசிஆர் எனும் மரபணுச் சோதனையில் தேடுவது வீண்செலவு என்பது பரவலான கருத்து. கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது.

மருந்தில்லை என்பது இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான என்டெரோவைரஸுக்குப் பொருந்தும், ஹெர்பிஸுக்குப் பொருந்தாது. பிறந்த சில வாரங்களில் மூளையைத் தாக்கும் ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் மருந்தை சிரைவழி 21 நாள் செலுத்த வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் மூளைப் பாதிப்பு தங்கிவிடலாம்.

மருந்தே இல்லாத என்டெரோவைரஸைக் கண்டறிவதிலும் பயனுண்டு. இரண்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், காரணம் வைரஸா பாக்டீரியாவா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல எவராலும் முடியாது. அதனால் நுண்ணுயிர்க்கொல்லி உடனே தொடங்கப்படுகிறது. வைரஸை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்குப் பல நாள் ஆகும். என்டெரோவைரஸ்களைச் சேர்ந்த காக்சாகி ஏ வகைகள் பல அதில் சரியாக வளர்வதும் இல்லை. பிசிஆர் சில மணி நேரத்தில் விடை தரும். அது என்டெரோவைரஸைக் காட்டி, பாக்டீரியா வளர்ப்புச் சோதனைகளிலும் ஒன்றும் வராவிட்டால், ஊசிமருந்தை நிறுத்திக் குழந்தையை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பலாம். சிறுநீர்த் தொற்று உடனிருக்கிறதா என்பதை மட்டும் தனியே பார்த்துவிட வேண்டும்.

தண்டுவட நீரில் வெள்ளணுக்களை எண்ணினாலே போதும் என்ற வாதம் இன்னும் வலுவற்றது. என்டெரோவைரஸுக்கு உறவான பாரெக்கோவைரஸ் தாக்கிய குழந்தைகளில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். என்டெரோவைரஸிலும் இது அரிதன்று. என்டெரோவைரஸுக்கான பிசிஆர் பாரெக்கோவைரஸைக் காட்டாது என்பதால் அதற்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் ஐயத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற தொகுப்புச் சோதனை 14 கிருமிகளை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தேடுகிறது. ஆனால் விலை அதிகம், பிழையும் நேர்கிறது. அது தேடும் கிருமிகளில் ஒன்றான மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே மரபணுவோடு கலந்திருக்கும், அது தெரிவதாலேயே நோய் என்று முடிவுகட்ட இயலாது. என்டெரோவைரஸ் ஏ71 தண்டுவட நீரில் அகப்படாமல் தொண்டையிலும் மலத்திலும் அகப்படுவதுண்டு. இவையெல்லாம் சோதனையைக் கவனமாகப் படிக்கச் சொல்லும் காரணங்கள். கைவிடச் சொல்பவை அல்ல. ஹெர்பிஸ்கூட நோயின் முதல் நாள்களில் பிசிஆருக்குத் தப்பலாம். ஐயம் வலுவாக இருந்தால், முதல் சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தாலும் அசைக்ளோவிரை நிறுத்தாமல், சில நாளில் மீண்டும் தண்டுவட நீரெடுத்துச் சோதிப்பதே முறை.