மருந்துக்கு முன் நோயைச் சொல்லுங்கள்

மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



இராமநாதபுரம் மாவட்டத்து மிளகாய்ச் சம்சாரிகளுக்காக இம்மடலை எழுதுகிறேன். எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் மழையை நம்பி விதைப்பவர்களுக்கு அது பெரிய கௌரவம். அந்தப் பயிரை இலைச்சுருட்டு நோயிலிருந்து காப்பாற்றத்தான் வழியில்லாமல் நிற்கிறோம்.

செடி சுருண்டதும் சம்சாரி இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் எடுத்துத் தருவதை அடிக்கிறார். கேட்காவிட்டால் அடுத்த வாரம் வேறொரு மருந்து. ஆனால் எல்லாச் சுருட்டும் ஒன்றல்ல. முரணைச் சிலந்தி தாக்கினால் இலை கீழ்நோக்கி மடங்கும். இலைப்பேன் உறிஞ்சினால் மேல்நோக்கி மடங்கும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் வந்தாலும் இலை மேல்நோக்கித்தான் சுருளும். கூடவே இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணுவிடை குறுகி, செடி குட்டையாய்ப் புதர்போல் நின்றுவிடும், காய்ப்பு அற்றுப்போகும். சிலந்திக்கும் பேனுக்கும் மருந்து உண்டு. வைரஸ் ஏறிய செடியைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அதைப் பிடுங்கி அழிப்பதே மற்ற செடிகளுக்குப் பாதுகாப்பு.

இதை உரிய நேரத்தில் சொல்ல ஆளில்லாததால் கடன் வாங்கிய பணம் மருந்தாய்க் கரைகிறது. கண்டபடி அடிப்பதால் வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகள் மடிகின்றன. ஈயோ மருந்துக்குப் பழகிப் பெருகுகிறது. வத்தலில் நஞ்சு தங்கினால் குறியீட்டின் மதிப்பும் போகும்.

தங்களிடம் கேட்பவை மூன்று.

முதலாவது, விதைப்புக்குப் பிந்தைய மாதங்களில் ஒவ்வொரு வட்டாரத்திலும் தோட்டக்கலை அலுவலர்கள் வயலுக்கே வந்து நோயை அடையாளம் சொல்ல வேண்டும். ஐயமான இலைகளை அரசுச் செலவில் ஆய்வகத்தில் சோதித்து, முடிவைச் சில நாட்களுக்குள் தர வேண்டும்.

இரண்டாவது, வெள்ளை ஈயைத் தடுக்க மானியம் வேண்டும். நாற்று விட்டு நடுபவர்களுக்கு நாற்றங்காலை மூடும் நெருக்கமான நைலான் வலையும், நேரடியாய் விதைப்பவர்களுக்கு வரப்போரம் ஊன்றச் சோள விதையும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் விதைப்புக்கு முன்பே கைக்கு வர வேண்டும். 

மூன்றாவது, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த வைரஸைத் தாங்கும் வீரிய ஒட்டு மிளகாய்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் எங்கள் குறியீடு முண்டுக்கு உரியது. வேறு ரகத்துக்கு மாறினால் அதை இழப்போம். அந்தத் தாங்குதிறனை முண்டுக்குள் கொண்டுவரும் பணியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்து, நிதியும் காலவரையும் அறிவிக்க வேண்டும். சம்சாரி தானே விதையெடுத்து மறுபடி விதைக்கும் ரகமாக அது இருக்க வேண்டும்.

வரும் புரட்டாசி விதைப்புக்கு முன்பே முதல் இரண்டுக்கும் ஏற்பாடு செய்துவிட முடியும். ஆணையிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
இராமநாதபுரம் மாவட்டத்து மிளகாய்ச் சம்சாரி ஒருவர்